பூரண குணம் தேடுகிறவர்களுக்கு ஒரு மடல்

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) இருப்பதாக அண்மையில் சொல்லப்பட்டவர்களுக்கும், அவர்களைத் தாங்கி நிற்கும் வீட்டாருக்கும்,

நரம்பியல் மருத்துவரின் அறையை விட்டு நீங்கள் வெளியே வந்த நாளிலிருந்தே யோசனைகள் வரத் தொடங்கியிருக்கும். தென்காசிப் பக்கம் ஒரு வைத்தியர் இருக்கிறார், பார்வை பார்த்தே சொல்லிவிடுவார் என்பார் சித்தப்பா. அலுவலகத் தோழி ஸ்டெம்செல் மையம் ஒன்றின் எண்ணை அனுப்புவார். முதுகில் வரிசையாகத் தேனீக்களைக் கொட்டவைக்கும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து சேரும். இவர்களில் பெரும்பாலோர் உங்கள் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். அதனால்தான் வேண்டாம் என்று சொல்ல நாக்கு எழுவதில்லை.

நானும் உங்களில் ஒருத்திதான். திருச்சியில் இருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நோயோடு வாழ்கிறேன். எனக்கு முதலில் ஒரு கண் மங்கியது, பிறகு இடது கால் மரத்தது. இந்த ஆண்டுகளில் எங்கள் சிறு நோயாளர் வட்டத்துக்கு வந்து போனவர்களிடம் பார்த்ததையும் கேட்டதையும் வைத்து ஒரே ஒரு விஷயத்தை உங்கள் மனத்தில் பதியவைக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். இந்த நோயைப் பொறுத்தவரை, ‘அதைச் சாப்பிட்டேன், சரியாகிவிட்டது’ என்று ஒருவர் சொல்வதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள். சொல்பவர் பொய்யே சொல்லாதவராக இருந்தாலும் சரி. சொல்வது உங்கள் உடம்பாகவே இருந்தாலும் சரி.

காரணம் நோயின் குணத்திலேயே இருக்கிறது. மூளையிலும் தண்டுவடத்திலும் கண் நரம்பிலும் ஓடும் நரம்பிழைகளுக்கு மயலின் என்ற உறை உண்டு. கிருமியை எதிர்க்க வேண்டிய நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அந்த உறையைத் தாக்கிச் சிதைக்கிறது. நோயாளிகளில் சுமார் 85 சதவீதம் பேருக்கு இது அட்டாக் அட்டாக்காகத்தான் ஆரம்பிக்கிறது. சில நாட்களில் ஏறும், சில வாரங்கள் இருக்கும், பிறகு மருந்தே இல்லாவிட்டாலும் முழுதாகவோ பாதியாகவோ தானாக இறங்கும். வீக்கம் வடிவதும், மூளை வேறு வழியில் வேலையை ஓட்டப் பழகிக்கொள்வதும் அதற்குக் காரணம்.

இப்போது யோசித்துப் பாருங்கள். ஒரு குடும்பம் எப்போது கடன் வாங்கி, வண்டி பிடித்து, வெளியூர் வைத்தியரைத் தேடிப் போகும்? கால் எழும்பாமல் கிடக்கும்போதுதான். அதற்கடுத்து என்ன நடக்கும்? பெரும்பாலும் நோய் தானே இறங்கும். அந்த நேரத்தில் கையில் இருந்தது லேகியமானால் லேகியத்துக்கும், தேனீயானால் தேனீக்கும், வேண்டுதலானால் வேண்டுதலுக்கும் பெயர் போய்ச் சேரும். குணமானது உண்மை. எதனால் குணமானது என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

இன்னொன்றும் உண்டு. வெளியே ஓர் அட்டாக் தெரிந்தால், அந்தக் காலத்துக்குள் எம்.ஆர்.ஐ.யில் ஐந்து முதல் பத்துப் புதிய தழும்புகள்வரை தெரிவது வழக்கம். நடக்கிறோம், சமைக்கிறோம், வேலைக்குப் போகிறோம், ஆனால் உள்ளே சிதைவு நடந்துகொண்டிருக்கலாம். ‘நன்றாகத்தானே இருக்கிறேன், மருந்து எதற்கு?’ என்ற கேள்வி வரும்போதெல்லாம் இதை நினைத்துக்கொள்ளுங்கள். நாம் போட்டுக்கொள்ளும் ஊசியும் மாத்திரையும் நம்மை இன்று நன்றாக உணரவைப்பதற்காகத் தரப்படுபவை அல்ல. இன்னும் பத்து, பதினைந்து ஆண்டு கழித்து நாம் எழுந்து நடமாட வேண்டும் என்பதற்காகத் தரப்படுபவை. மறுநாளே தெம்பு தருகிறேன் என்கிற பொடிக்கு முன்னால் அவை எடுபடாமல் போவதில் ஆச்சரியம் இல்லை.

இந்த ஏமாற்றம் நம் ஊருக்கோ படிக்காதவர்களுக்கோ மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். கனடாவில் நடந்ததைச் சொல்கிறேன். என் கருத்தில் எம்.எஸ். வந்த ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய கதை இது.

இத்தாலியின் ஃபெராரா பல்கலைக்கழகத்தில் பாவ்லோ சம்போனி என்ற ரத்தக்குழாய் அறுவை மருத்துவர் இருக்கிறார். அவருடைய மனைவிக்கு எம்.எஸ். வந்தது. மனைவிக்காகத் தேடத் தொடங்கியவர் ஒரு கருத்துக்கு வந்தார்: கழுத்திலும் மார்பிலும் உள்ள சிரைகள் சுருங்கியிருப்பதால் மூளையிலிருந்து ரத்தம் ஒழுங்காக வடிவதில்லை, அங்கே இரும்பு படிகிறது, நோய்க்கு அதுவும் ஒரு காரணம். சுருங்கிய சிரையைப் பலூன் வைத்து விரித்துவிட்டால் நோயாளி தேறுவார் என்று நம்பினார். 65 பேருக்குச் செய்து பார்த்து 2009இல் முடிவை வெளியிட்டார். பலர் தேறியதாக அந்தக் கட்டுரை சொன்னது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லை. சிகிச்சை செய்யப்பட்டது என்பது மருத்துவர், நோயாளி இருவருக்குமே தெரியும்.

அதே ஆண்டு நவம்பரில் கனடாவின் தொலைக்காட்சி ஒன்று இதை நிகழ்ச்சியாக்கியது. ‘விடுதலைச் சிகிச்சை’ என்ற பெயர் நாடு முழுக்கப் பரவியது. உலகில் எம்.எஸ். மிக அதிகமாக உள்ள நாடுகளில் கனடாவும் ஒன்று. எத்தனை வீடுகளில் அந்த நிகழ்ச்சியைக் கண்ணீரோடு பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். சான்று போதாது என்று நரம்பியல் மருத்துவர்கள் சொன்னபோது, மருந்துக் கம்பெனிகளுக்குத் துணை போகிறார்கள் என்ற பழிதான் அவர்களுக்குக் கிடைத்தது. உள்நாட்டில் செய்ய மறுத்ததால் போலந்துக்கும் மெக்சிகோவுக்கும் கோஸ்டாரிகாவுக்கும் நம் இந்தியாவுக்கும் மக்கள் பறந்தார்கள். வீட்டை அடகு வைத்தார்கள், ஊரில் நிதி திரட்டினார்கள். திரும்பி வந்து, கை சூடாகிவிட்டது, தலையில் மூட்டம் விலகிவிட்டது, படி ஏறுகிறேன் என்று கேமராவைப் பார்த்துச் சொன்னார்கள்.

அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை என்றே நம்புகிறேன். சோர்வும் மரமரப்பும் மனத்தெளிவும் நாம் உணர்ந்து சொல்பவை. பெரிய நம்பிக்கையோடும் பெரிய செலவோடும் ஒன்றைச் செய்துகொண்ட பிறகு அவை கொஞ்சநாள் இளகும். அது நாடகம் இல்லை, உடம்பின் இயல்பு.

ஆனால் சிலருக்குச் சிரையில் ரத்தம் உறைந்தது. ஸ்டென்ட் வைத்துக்கொண்ட ஒருவருக்கு அது நழுவி இதயத்துக்கே போனது. கோஸ்டாரிகாவில் செய்துகொண்ட கனடாக்காரர் ஒருவர் 2010இல் பின்விளைவுகளால் இறந்தார். 2012 மே மாதம் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் இந்தச் சிகிச்சையால் உயிரிழப்பும் பக்கவாதமும் நேர்ந்திருப்பதாக எச்சரிக்கை விடுத்தது.

2013இல் கனடா ஆய்வாளர்கள் அடிப்படையையே சோதித்தார்கள். சிரை சுருங்கியிருந்தது எத்தனை பேருக்கு? எம்.எஸ். உள்ளவர்களில் 74 சதவீதம் பேருக்கு. அவர்களுடைய ஆரோக்கியமான உடன்பிறப்புகளில் 66 சதவீதம் பேருக்கு. உறவே இல்லாத ஆரோக்கியமானவர்களில் 70 சதவீதம் பேருக்கு. மனிதக் கழுத்தில் சிரைகள் இப்படிச் சுருங்கி இருப்பது சாதாரணம் என்று ஆயிற்று.

பிறகு நான்கு நகரங்களில் 104 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. எல்லோருக்கும் குழாய் செலுத்தினார்கள், பாதிப் பேருக்குத்தான் பலூனை விரித்தார்கள். யாருக்கு விரித்தது என்று நோயாளிக்கும் தெரியாது, பின்னர் சோதித்த மருத்துவருக்கும் தெரியாது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு தரப்புக்கும் வேறுபாடே இல்லை என்று 2017இல் முடிவு வந்தது.

என்னை மிகவும் நெகிழவைத்தது இதற்கடுத்துத்தான். சம்போனியே இத்தாலியில் இதேபோன்ற மறைப்பு ஆய்வை முன்னின்று நடத்தினார். மனைவிக்காகக் கண்டுபிடித்தது, உலகமே புகழ்ந்தது, தன் பெயரையே தாங்கியது. அந்தச் சிகிச்சையால் பயனில்லை, அதைப் பரிந்துரைக்க முடியாது என்று அந்த ஆய்வின் முடிவைத் தன் பெயரிலேயே வெளியிட்டார். நான் அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்லமாட்டேன். உங்களிடம் ஒரு மருந்தை விற்க வருபவரை அளப்பதற்கு இந்த மனிதரைத்தான் அளவுகோலாக வைக்கச் சொல்வேன். ‘இது வேலை செய்யாமலும் இருக்கலாம், சோதித்துப் பார்க்கிறேன்’ என்று உங்கள் வைத்தியர் எப்போதாவது சொல்லியிருக்கிறாரா?

தேனீயைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நெதர்லாந்தின் க்ரோனிங்கனில் 26 நோயாளிகளுக்கு வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 20 தேனீக்கள்வரை கொட்டவைத்து 24 வாரம் பார்த்தார்கள். ஸ்கேனிலும் மாற்றமில்லை, சோர்விலும் மாற்றமில்லை, நடமாட்டத்திலும் மாற்றமில்லை. 2005இலேயே முடிந்த கதை. வீடியோ மட்டும் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருகிறேன். கரூர்ப் பக்கத்திலிருந்து எங்கள் வட்டத்துக்கு வந்த ஒரு பெண், கல்யாணமாகி அதிக நாள் ஆகாதவள். அவளுடைய அம்மா ஒரு பொடி வாங்கி வந்திருந்தார். வெள்ளைக் காகிதத்தில் மடித்த சிறு பொட்டலங்கள், மேலே பேனாவால் கா, மா என்று காலையும் மாலையும் குறித்திருந்தது. பெயரில்லை, உற்பத்தி எண்ணில்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்ற குறிப்பும் இல்லை. தேனில் குழைத்துச் சாப்பிட வேண்டும். ஒரு வாரத்துக்குள் அவளுக்குக் கால் தெளிந்தது, பசி எடுத்தது, தூக்கமே வேண்டாம் என்கிற அளவுக்குச் சுறுசுறுப்பு வந்தது. “அக்கா, எனக்கு ஊசியே வேண்டாம்போல இருக்கு” என்று போனில் சிரித்தாள். அவள் அம்மா போனை வாங்கி, “நீங்களும் ஒரு மண்டலம் சாப்பிட்டுப் பாருங்கம்மா” என்றார். அந்தக் குரலில் இருந்த நிம்மதி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்த்தபோது அவள் முகம் வட்டமாக உப்பியிருந்தது. கன்னத்தில் பூனைமுடி, வயிற்றில் சிவந்த கோடுகள், சர்க்கரை ஏறியிருந்தது. மருத்துவர் காலை நேரத்து ரத்தத்தில், உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசாலைப் பார்த்தார். ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. வெளியிலிருந்து ஸ்டீராய்டு போய்க்கொண்டே இருந்தால், உடம்பு தானாகச் சுரப்பதை நிறுத்திவிடும். மூலிகை என்று கொடுத்த பொட்டலத்தில் ஸ்டீராய்டு மாத்திரையைத்தான் அரைத்துச் சேர்த்திருந்தார்கள் என்பதற்கு அவள் ரத்தமே சாட்சி.

நமக்கு அட்டாக் வந்தால் மருத்துவமனையிலும் ஸ்டீராய்டுதான் தருகிறார்கள். மெதில்பிரெட்னிசலோன் தினம் ஒரு கிராம், மூன்று முதல் ஐந்து நாள், சிரை வழியாக. அது அட்டாக்கைச் சீக்கிரம் இறக்கும், அவ்வளவுதான். நீண்ட கால நோயின் போக்கை அது மாற்றாது. அளவு தெரிந்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்து, சில நாட்களுக்குத் தருவது வேறு. அளவே தெரியாமல் மாதக்கணக்கில் தின்பது வேறு. எலும்பு தேயும், தொற்று வரும். பொடியைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே இப்படி ஒரு பொடியை நீங்கள் ஏற்கெனவே சாப்பிட்டுக்கொண்டிருந்தால் பயந்துபோய் நிறுத்திவிடாதீர்கள். மிச்சப் பொட்டலத்தோடு மருத்துவரிடம் போங்கள். அவர் படிப்படியாக இறக்கித் தருவார்.

சித்த மருத்துவத்தைக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் பலர் எனக்குத் தெரியும். என் மலச்சிக்கலுக்கும் தூக்கத்துக்கும் அவர்களில் ஒருவர் சொன்னதைத்தான் கேட்கிறேன். அவர் என் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, “நரம்பு டாக்டர் ஊசியை விட்டுடாதீங்கம்மா” என்றார். நான் எச்சரிப்பது பெயரில்லாத பொட்டலத்தை. பஸ்பம், செந்தூரம் என்று உலோகம் சேர்ந்தவற்றிலும் கவனம் வேண்டும். அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதத் தயாரிப்புகளைச் சோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது என்று 2004இல் வெளிவந்தது. ஈயம் நரம்பைக் கெடுக்கும் பொருள். நரம்பு நோய்க்காரர்கள் அதை மருந்தென்று விழுங்கலாமா?

‘எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்ற விளம்பரத்தைக் கண்டால் மட்டும் தயவுசெய்து இரண்டடி தள்ளி நில்லுங்கள். மற்றவர்களுக்கு அது நல்ல சொல்லாக இருக்கலாம். நம் நோயே எதிர்ப்புச் சக்தி தடம் மாறியதால் வந்தது, நம் மருந்துகள் அதை அடக்கவோ திருத்தவோதான் பாடுபடுகின்றன. கொரோனா காலத்தில் சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்துக் குடிக்காத வீடு குறைவு. மும்பையின் கல்லீரல் மருத்துவர்கள் 2021இல் சீந்தில் குடித்த ஆறு பேருக்கு எதிர்ப்புச் சக்தி தாக்கியது போன்ற கல்லீரல் அழற்சி வந்ததைப் பதிவு செய்தார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது, வாதம் நடந்தது. அந்த வாதத்தில் யார் சொல்வது சரியானாலும், ஏற்கெனவே கல்லீரலைக் கண்காணிக்க வேண்டிய மருந்துகளில் இருக்கும் நாம் அந்தச் சோதனைக்கு நம் உடம்பைக் கொடுக்க வேண்டியதில்லை.

ஸ்டெம்செல் விஷயத்தில் குழப்பம் அதிகம், ஏனென்றால் உண்மையும் பொய்யும் ஒரே பெயரில் உலவுகின்றன. உண்மை இது: எலும்பு மஜ்ஜைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனைகளில், கீமோ மருந்தால் எதிர்ப்புச் சக்தியை அழித்துவிட்டு, முன்பே எடுத்துவைத்த நோயாளியின் சொந்த ரத்த மூலச்செல்லைத் திரும்பச் செலுத்துகிறார்கள். 2019இல் வெளிவந்த ஆய்வில் 110 பேர் கலந்துகொண்டார்கள். இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் மூவருக்கும், மருந்து மட்டும் பெற்றவர்களில் 34 பேருக்கும் நோய் முற்றியது. தீவிரமாக அட்டாக் வரும் சிலருக்கு இது பெரிய வரம். ஆனால் ஆபத்தும் பெரியது, தனி அறையில் வாரக்கணக்கில் கிடக்க வேண்டும், எல்லோருக்கும் ஏற்றதும் அல்ல.

பொய் வேறு மாதிரி வரும். எனக்குத் தெரிந்த ஒரு தம்பதியை ஓட்டல் அரங்கில் நடந்த இலவச ஆலோசனை முகாமுக்கு அழைத்தார்கள். நானும் துணைக்குப் போனேன். வாசலில் பன்னீர் தெளித்தார்கள். திரையில் சக்கர நாற்காலியிலிருந்து ஒருவர் எழுந்து நடந்தார். வயிற்றுக் கொழுப்பிலிருந்தோ தொப்புள்கொடியிலிருந்தோ செல் எடுத்து முதுகுத்தண்டில் ஊசியாகப் போடுவார்களாம். எம்.எஸ்.ஸுக்கும் அதே ஊசி, ஆட்டிசத்துக்கும் அதே ஊசி, மூட்டுத் தேய்மானத்துக்கும் அதே ஊசி. பேச்சு முடிந்ததும் கோட்டு போட்ட இளைஞர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, “நாலு சிட்டிங் பேக்கேஜ் சார், இன்னைக்கே அட்வான்ஸ் கட்டினா குறைச்சுத் தரலாம்” என்றார். எத்தனை பேருக்குப் பயன் இல்லாமல் போயிருக்கிறது தம்பி என்று கேட்டேன். “நம்பிக்கை இல்லாம வர்றவங்களுக்குத்தான்மா வேலை செய்யாது” என்றார்.

அந்தப் பதிலைக் கேட்டு எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பணத்தையும் வாங்கிக்கொண்டு, குணமாகாவிட்டால் குற்றத்தையும் நோயாளி தலையிலேயே கட்டுகிற ஏற்பாடு அது. ரத்த மூலச்செல் சிகிச்சைக்கு அங்கீகரிக்கப்பட்ட நோய்களுக்கு வெளியே ஸ்டெம்செல்லை ஆய்வாக அன்றிச் சிகிச்சையாக விற்கக் கூடாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறை சொல்கிறது. உண்மையான ஆய்வென்றால் ஒப்புதல் படிவம் இருக்கும், நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கும். பேக்கேஜ் என்றும் தள்ளுபடி என்றும் பேச்சே வராது.

‘மருந்துக் கம்பெனிக்காரன் எளிய மருந்தை மறைக்கிறான்’ என்ற வாதத்தையும் கேட்டிருப்பீர்கள். கம்பெனிகள் லாபத்துக்காகத்தான் நடக்கின்றன, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2023இல் முதல்முறையாக எம்.எஸ்.ஸுக்கான மருந்துகளை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தபோது கிளாட்ரிபின், கிளாடிராமர் ஆகியவற்றோடு ரிட்டுக்சிமாபையும் சேர்த்தது. ரிட்டுக்சிமாப் காப்புரிமை முடிந்த பழைய மருந்து, இந்தியக் கம்பெனிகளே தயாரிப்பது, புதிய மருந்துகளைவிட மிகக் குறைந்த விலை. எளிய மருந்து பலன் தந்தால் மருத்துவ உலகம் அதை ஏற்கும் என்பதற்கு இதுவே சான்று. பலன் தராவிட்டால் கம்பெனி மருந்தையும் தள்ளும். பயோட்டின் என்ற வைட்டமினை மிக அதிக அளவில் கொடுத்தால் முற்றிய நோயில் பலன் உண்டு என்று 2016இல் 154 பேரை வைத்துச் செய்த ஆய்வு சொன்னது. உலகமே ஆவலாயிற்று. 2020இல் 642 பேரை வைத்துச் செய்தபோது பயோட்டின் எடுத்தவர்களில் 12 சதவீதமும், வெறும் மாத்திரை எடுத்தவர்களில் 9 சதவீதமும் தேறினார்கள். அந்த வேறுபாடு போதாது என்று கைவிட்டார்கள். அந்த 9 சதவீதத்தைக் கவனியுங்கள். மருந்தே இல்லாத மாத்திரையைச் சாப்பிட்டுத் தேறியவர்கள் அவர்கள். அவர்களில் ஒருவரை அழைத்துவந்து கேமரா முன் உட்காரவைத்தால் எந்தப் பொடியையும் விற்றுவிடலாம்.

ஏன் இந்த நோயைச் சுற்றி இத்தனை பேர் கடை விரிக்கிறார்கள்? பாரிஸில் ஷார்கோ என்ற மருத்துவர் 1868இல் இதைத் தனி நோயாக விவரித்தார். தங்க உப்பு, வெள்ளி உப்பு, நம் எட்டிக்கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னைன் என்று எதையெதையோ கொடுத்துப் பார்த்தார், எதுவும் உதவவில்லை. நோயின் போக்கை மாற்றும் முதல் மருந்தான இன்டர்பெரான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993இல். இடையே 125 ஆண்டு. அந்த வெற்றிடத்தில் வளர்ந்த பழக்கம்தான் இன்றும் தொடர்கிறது. இன்று மருந்துகள் பல உண்டு, ஆனால் எதுவும் நோயை வேரோடு எடுப்பதில்லை. கட்டுப்படுத்தலாம், அட்டாக்கைக் குறைக்கலாம் என்றுதான் நேர்மையான மருத்துவர் சொல்வார். எதிர்க்கடைக்காரர் பூரண குணம் என்கிறார். இருபத்தைந்து வயதில் இந்தப் பெயரைக் கேட்ட பிள்ளைக்கு எந்தச் சொல் இனிக்கும்?

இந்த இடத்தில் மருத்துவர்களிடமும் ஒரு வார்த்தை. நோயின் பெயரைச் சொல்லி, சீட்டு எழுதி, ஐந்து நிமிடத்தில் அனுப்பிவைத்தால் மிச்சக் கேள்விகளோடு நாங்கள் எங்கே போவோம்? பொடி கொடுப்பவர் கையைப் பிடித்து ஒரு மணிநேரம் பேசுகிறார். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று கடிந்துகொள்ளாமல் கேளுங்கள். திட்டுவீர்கள் என்று பயந்துதான் பாதிப் பேர் மறைக்கிறார்கள்.

உங்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது, எதைச் சேர்த்தாலும் இருக்கிற மருந்தை நிறுத்தாதீர்கள் என்பதுதான். ‘இங்கிலீஷ் மருந்தை விட்டால்தான் இது வேலை செய்யும்’ என்று யார் சொன்னாலும் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள். பிங்கோலிமாட் மாத்திரையையும் நடாலிசுமாப் ஊசியையும் திடீரென நிறுத்தினால் நோய் சில மாதங்களுக்குள் முன்பைவிட மூர்க்கமாகத் திரும்பலாம். பிங்கோலிமாட் பற்றி அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018இல் தனியாகவே எச்சரித்தது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, விலை தாங்கவில்லை, குழந்தை வேண்டும் என்று எந்தக் காரணமானாலும் மாற்று மருந்து உண்டா என்று மருத்துவரிடமே கேளுங்கள்.

நோய் இதுதானா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். என்.எம்.ஓ. என்றொரு நோய் பார்வைக்கு எம்.எஸ். போலவே இருக்கும், ஆனால் எம்.எஸ்.ஸுக்குத் தரும் சில மருந்துகள் அதை மோசமாக்கும். அக்வாபோரின்-4 என்ற ரத்தப் பரிசோதனை அதற்கு உதவும். எனக்கு அந்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேட்பதில் தவறே இல்லை.

கையில் ஒன்றுமே இல்லையா என்று கேட்டால், நிறைய இருக்கிறது. புகை பிடிப்பவராக இருந்தால் நிறுத்துங்கள், புகை இந்த நோயை வேகப்படுத்துகிறது. வைட்டமின் டி குறைவாக இருந்தால் அளவு பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். லட்சக்கணக்கான யூனிட் தினமும் என்று வீடியோவில் சொல்வதைக் கேட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகம் கெடும். பிசியோதெரபியும் உங்களால் முடிந்த அளவு உடற்பயிற்சியும் சோர்வைக் குறைக்கின்றன. யோகாசனம் பிடித்தால் செய்யுங்கள், வெயிலேறும் முன்னால். சூடு ஏறினால் நம் கண்ணும் காலும் தற்காலிகமாக மங்கும், சித்திரை வெயிலில் இது புது அட்டாக் என்று பயந்து ஓடாதீர்கள். குளிர்ந்த நீரும் நிழலும் கிடைத்தால் பெரும்பாலும் சரியாகும். கால் விறைப்புக்கும் சிறுநீர் அவசரத்துக்கும் தனித்தனி மருந்துண்டு, வெட்கப்படாமல் சொல்லுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் எம்.எஸ்.ஸைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது, சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள். இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை உண்டு. இந்த நோயோடு பல ஆண்டு வாழ்ந்தவர்களிடம் பேசினாலே பாதி பயம் போகும்.

வீட்டாருக்கு: நீங்கள் தேடுவது அன்பால் என்று எங்களுக்குத் தெரியும். ஆனால் ஒவ்வொரு புது வைத்தியமும் எங்களிடம் ஒரு தேர்வு போல வருகிறது. சாப்பிட மறுத்தால் குணமாக விருப்பமில்லை என்று ஆகிவிடுகிறது. அம்மா கொண்டுவந்த பொட்டலத்தை நாங்கள் ஓரமாக வைத்தால், தயவுசெய்து அழாதீர்கள். அந்தப் பணத்தை ஊசிக்கு வைத்திருங்கள். ஸ்கேன் நாளில் கூட வாருங்கள். எங்களால் நடக்க முடியாத நாளில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவாருங்கள்.

1954ஆம் ஆண்டிலிருந்தே நம் நாட்டில் மாய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் அட்டவணையில் மூளை, நரம்பு மண்டல நோய்களும் பக்கவாதமும் உள்ளன. அவற்றைக் குணமாக்குவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதே குற்றம். அப்படி ஒரு துண்டுப் பிரசுரமோ வீடியோவோ கண்ணில் பட்டால் அதைப் பத்திரப்படுத்தி மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு எழுதுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளைக்கு அது போய்ச் சேருவதற்குள் எழுதுங்கள். உங்கள் வீட்டில் பெயர் தெரியாத பொட்டலம் ஏதாவது இருந்தால், அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மறக்காமல் அதையும் பையில் எடுத்துப் போங்கள்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி